மாரிக்கு முன்னொரு வேலை

புரட்டாசி முடியப் போகின்றது. நான்கைந்து மாதங்களாக முற்றத்து மண்ணை வாரியடித்து, கதவுகளிலும் யன்னல்களிலும் புத்தக அடுக்குகளிலும் படிய வைத்த சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது. பகலிலே புழுக்கம்; பின்னேரங்களில் எங்கோ தொலைவில் இடி முழக்கம். கிணற்று நீர் ஆண்டின் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கி நிற்கின்றது. இன்னும் இரண்டொரு கிழமைகளில் மாரி தொடங்கும். இந்த இடைப்பட்ட நாட்களிற் பழைய யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர் எவரும் கைகட்டி இருந்ததில்லை. கூரை பார்ப்பதும், கிணறு இறைப்பதும், விறகு அடுக்குவதும், பனம்பாத்தி போடுவதுமாக வளவு முழுவதும் வேலை நடக்கும். இன்று அந்த வேலைகளிற் பெரும்பாலானவை நின்றுவிட்டன. அவை நின்றதனால் நாம் இழப்பது என்ன என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

இலக்கியப் பக்கத்திலே பீலி துப்புரவாக்குவது பற்றியா எழுதுவது என்று வாசகர் சிலர் நகைக்கக்கூடும். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடந்த நாற்பது ஆண்டுகளில் நமது கவிதைகளிலும் சிறுகதைகளிலும் மிகுதியாக நினைவுகூரப்பட்ட பொருள் யாது? முற்றம், கிணற்றடி, வேம்பு, கிடுகு வேலி ஆகியவை அல்லவா? ஊரைப் பிரிந்து ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழ்வோர் எழுதினாலும், ஊரிலேயே இருப்போர் எழுதினாலும், இவை வந்தே தீருகின்றன. ஆயினும் அம்முற்றத்தைக் கூட்டியவர் யார், அக்கிணற்றை இறைத்தவர் யார், ஆண்டுதோறும் அவ்வேலியை அடைத்தவர் யார் என்ற கேள்வி அவ்வெழுத்துகளில் எழுவது அருமை. உழைப்பை நீக்கிவிட்டு அழகை மாத்திரம் நினைவில் வைத்திருக்கும் இலக்கியம் அரைகுறையானது. ஆதலின் பீலியைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்குப் புறம்பானதன்று.

நம் நிலத்தின் இயல்பு

முதலிலே நாம் எத்தகைய நிலத்தின்மீது வீடு கட்டியிருக்கிறோம் என்பதை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறு ஒன்றுண்டு. அதுவும் கோடையில் வறண்டுவிடும். மேலே மெல்லிய மண். அதன் கீழே வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை அவ்வெடிப்புகளினூடாக இறங்கி, கல்லுக்குள் தேங்குகின்றது. கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் நமக்குக் காட்டுவது இந்த நிலத்தடி உலகத்தையே.

அந்த நன்னீர் தனித்து நிற்பதன்று. குடாநாட்டைச் சுற்றியுள்ள கடலின் உவர்நீர் கல்லினூடாக உள்ளே புகுந்து அடியில் நிற்க, அதன்மேல் நன்னீர் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. உவர்நீரிலும் நன்னீர் சற்றே பாரங் குறைந்தது என்பதுதான் இதற்குக் காரணம். இங்கே ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட பொது விதி. இதனை மறுபுறமாக நோக்கினால் அச்சம் உண்டாகும். மேல்மட்டம் ஓரடி நிலையாகத் தாழுமாயின், அடியிலிருந்து உவர்நீர் நாற்பதடி மேலேறும். கரையோரக் கிராமங்களில் ஒரு தலைமுறைக்கு முன் நன்னீராயிருந்த கிணறுகள் இன்று சவராகிவிட்டதற்கு இதுவே அடிப்படை.

குடாநாட்டின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையாகும். இதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. அம்மூன்று மாதங்களில் நிலத்துக்குள் இறங்கும் நீரையே எஞ்சிய ஒன்பது மாதங்களும் நாம் அள்ளிப் பருகுகிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். நாலு பரப்பு வளவொன்றை எடுத்துக்கொள்வோம். அஃது ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் சேரும். மாரிக்காலத்தில் 800 மில்லிமீற்றர் பெய்யுமாயின், அவ்வளவின்மீது விழும் நீர் எட்டு இலட்சம் லீற்றர். இந்நீர் உள்ளே இறங்குமா, ஒழுங்கையில் வழிந்து வாய்க்காலேறிக் கடலுக்குப் போகுமா என்பதை முடிவு செய்பவர் அந்த வளவின் உரிமையாளரே. ஒவ்வொரு வளவும் ஒரு சிறு குளம் என்று சொன்னால் அது மிகையன்று.

பழைய ஒழுங்கும் அதன் குறையும்

நம் முன்னோர் இக்கணக்கை ஏட்டிலே எழுதி வைக்கவில்லை, பழக்கத்திலே வைத்திருந்தனர். வளவைச் சுற்றிப் பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலிய கதியால்களை நட்டனர். இடையிலே கிடுகாலும் பனையோலையாலும் அடைத்தனர். கதியால்களின் குழையை வெட்டித் தோட்டத்துக்குப் பசளையாகப் புதைத்தனர். வேலியிலிருந்து கழித்த பழைய ஓலையும் நிலத்துக்கே போயிற்று. வேலி எல்லையை மாத்திரம் குறிக்கவில்லை. பசளையும் தந்தது, ஆட்டுக்குத் தீனும் தந்தது, சோளகத்தையும் வாடையையும் தணித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மழைவெள்ளம் அதனூடாகத் தடையின்றி வடிந்தது. முற்றம் மண்ணாயிருந்தது, ஆதலின் நீர் இறங்கியது. கோடை முதிர்ந்து கிணற்று நீர் தாழ்ந்த நேரம் பார்த்துக் கலக்கி இறைத்து, அடியிலுள்ள சேற்றை அள்ளினர். முதல் மழைக்கு மண் இளகியதும் புதுக் கதியால் நட்டனர். பனம்விதைகளைப் பாத்தியிலே அடுக்கினர். தை, மாசியிற் கிழங்கு கிடைத்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அக்காலம் பொற்காலம் என்று முடித்துவிட என் மனம் இடந்தரவில்லை. அந்த வேலியை அடைத்தவரும், அந்தக் கிணற்றில் இறங்கிச் சேறு அள்ளியவரும் பெரும்பாலும் யார்? ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களே. தாம் துப்புரவாக்கிய கிணற்றிலே தாம் நீர் அள்ள முடியாத நிலையில் அவர்கள் இருந்தனர். கோடையில் ஒரு குடம் தண்ணீருக்காகக் கிணற்றடியின் வெளியே பிறர் வார்க்கும்வரை காத்து நின்றனர். 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னரும், 1966 முதல் தேநீர்க் கடைகளுக்காகவும் கோயில்களுக்காகவும் அம்மக்கள் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. ஆகவே பழைய வளவைப் புகழ்வோர் அதன் கணக்கில் இந்தக் கடனையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். அந்த அறிவு நமக்கு வேண்டும். அந்த ஏற்பாடு வேண்டாம். தன் வீட்டுப் பீலியைத் தானே துப்புரவாக்குவதில் இழிவு உண்டென்று கருதுபவர், அந்தப் பழைய ஏற்பாட்டை இன்னமும் மனத்திலே வைத்திருப்பவர் என்பதே என் கருத்து.

மதில் வந்த கதை

இனி இன்றைய நிலைக்கு வருவோம். கிடுகு வேலிக்கு ஆண்டுக்காண்டு செலவு. ஓலை வெட்டவும் வேலி அடைக்கவும் ஆளில்லை. கறையானோ ஒருபோதும் ஓய்வதில்லை. எனவே மதில் வந்தது. மதில் கட்டியவர்களை நான் குறை கூறவில்லை, நானும் கட்டியவன்தான்.

2012ஆம் ஆண்டிலே என் வளவின் கிழக்கு வேலியை நீக்கிவிட்டு ஐந்தடி உயரத்துக்கு மதில் எழுப்பினேன். பூசி, வெள்ளையும் அடித்தேன். ஆண்டுதோறும் இருந்த தொல்லை ஒழிந்ததென்று மகிழ்ந்தேன். அந்தக் கார்த்திகையிலே இரண்டு நாள் விடாமழை பெய்தது. இரண்டாம் நாட் காலையிற் பக்கத்து வளவு ஆச்சி ஒரு பழைய உரப்பையைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு என் படலையடிக்கு வந்தார்.

“தம்பி, உம்முடைய மதில் வடிவாய்த்தான் இருக்குது. ஆனால் வெள்ளம் என்ர அடுப்படிக்குள்ள வந்து நிக்குது. வந்து ஒருக்காற் பாரும்” என்றார்.

சென்று பார்த்தேன். அவருடைய வளவு என் வளவிலும் சற்று மேடு. தலைமுறை தலைமுறையாக அவர் வளவு வெள்ளம் வேலியினூடாக என் வளவுக்குள் இறங்கி, என் பின்வளவுப் பள்ளத்திலே தேங்கி, இரண்டொரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடுவதே வழக்கம். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். அவருடைய அடுப்பு நனைந்து கிடந்தது. விறகு மிதந்தது. அவர் என்னை ஏசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனையாயிருந்தது. அன்று மாலையே அலவாங்கெடுத்து மதிலின் அடியில் மூன்று இடங்களில் துளையிட்டேன். வெள்ளம் பாய்ந்து வந்து என் பள்ளத்தை நிறைத்தது. அடுத்த ஆவணியில் என் கிணற்றில் வழமையிலும் சற்றுக் கூடுதலாக நீர் நின்றதைக் கண்டேன். அத்துளைகள்தாம் காரணமென்று உறுதியாகக் கூற எனக்கு அளவுகோல் எதுவும் இல்லை. ஆனால் ஆச்சி அடுப்படி வெள்ளத்தை நான் என் நீராக மாற்றிக்கொண்டேன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எல்லைத் தகராறுகளுக்கு யாழ்ப்பாணத்து மக்கள் பேர்போனவர்கள். ஒரு கதியால் அரையடி அங்குமிங்கும் நகர்ந்ததற்காகக் காணி விற்று வழக்காடிய குடும்பங்கள் உண்டு. அவ்வாறு நாம் போராடிக் காத்த எல்லை நிலத்தின் மேற்பரப்பிலே மாத்திரம் உள்ளது. அதற்கு அடியிலே கல்லின் வெடிப்புகளினூடாக என் கிணற்று நீரும் அயலவர் கிணற்று நீரும் ஒன்றாகவே கிடக்கின்றன. நான் சீமெந்து பூசி மூடிய முற்றத்தால் அவர் கிணறு வற்றும். அவர் தோண்டிய மலசலகூடக் குழியால் என் கிணறு நஞ்சாகும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளது என்று ஆய்வுகள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றன. தோட்டங்களில் அளவின்றி இடும் செயற்கைப் பசளையும், கிணற்றுக்கு அண்மையில் அமைந்த மலசலகூடக் குழிகளும் இதற்குரிய முக்கிய காரணங்கள். நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குப் பெருங்கேடு விளைவிக்கும். அந்நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது என்பதைப் பலர் அறியார். நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

செய்ய வேண்டுவன

ஆகவே மாரிக்கு முன் வீட்டுக்காரர் செய்ய வேண்டுவன யாவை? பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. ஒரு கிழமைக்கு நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கினால் முடியும்.

முதலிலே கூரை. சோளகம் அசைத்த ஓடுகளை ஒழுங்காக்குதல் வேண்டும். உடைந்தவற்றை மாற்றுதல் வேண்டும். கூரையின் சந்திகளிலும் பீலிகளிலும் கிடக்கும் வேப்பஞ்சருகை அள்ள வேண்டும். அடைத்த பீலி இருவகையிற் கெடுதி செய்யும். பெருமழையின்போது நீர் சுவரிலே வழிந்து வளைகளையும் சிலாகைகளையும் உளுக்கச் செய்யும். மழை விட்டபின் அதிலே தேங்கும் நீரில் நுளம்பு பெருகும்.

அடுத்து மரங்கள். வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் முருங்கைக் கொம்புகளைத் தறித்துவிடுதல் நன்று. காற்றுக்கு முதலில் முறிவது அதுவே. தென்னையின் காய்ந்த மட்டைகளையும் முற்றிய காய்களையும் இறக்கிவிட வேண்டும். 1964 டிசெம்பரில் வந்த புயலை எங்கள் பெற்றோர் கதைகதையாகச் சொல்வார்கள். 2008 நவம்பரில் நிஷாப் புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்ததை நாமே கண்டோம். 2020 டிசெம்பரில் புரேவிப் புயல் வந்தது. வீழ்ந்த மரத்தை விதியென்று சொல்லலாம். தறிக்காமல் விட்ட கொம்பை அவ்வாறு சொல்ல முடியாது.

மூன்றாவது, முற்றம். முழு முற்றத்தையும் சீமெந்தால் அல்லது கற்களால் மூடிவிடுதல் இன்று ஒரு பெருமையாகிவிட்டது. சேறு படாமல் நடப்பதற்கு ஒரு பாதை போதும். எஞ்சியதை மண்ணாகவே விட்டுவிடலாம். ஏற்கனவே மூடியவர்கள் ஓரத்திலே ஒரு சாண் அகலத்துக்கேனும் திறந்து, கல்லும் மணலும் இட்டு நீர் இறங்க வழி செய்யலாம். மதிலுள்ளோர் அதன் அடியிலே நீர் வடியத் துளை விடலாம். ஆனால் எந்தப் பக்கம் வடியும் என்பதை அயலவரோடு பேசிய பின்னரே விடுதல் வேண்டும். இயலுமானோர் வளவின் ஒரு பக்கத்தையேனும் உயிர்வேலியாக வைத்திருக்கலாம். கதியால் நடுவதற்கு ஐப்பசியே தக்க காலம்.

நான்காவது, கூரைநீர். நூறு சதுர மீற்றர்க் கூரையில் மாரிக்காலத்து 800 மில்லிமீற்றர் மழையினாற் சேர்வது எண்பதாயிரம் லீற்றர். இதனை ஒழுங்கைக்கு விடுவது பாவம். முதல் இரண்டொரு மழையில் கூரையின் தூசியும் பறவை எச்சமும் கழுவப்படும். அந்த நீரை வெளியே விட்டுவிட வேண்டும். பின்வரும் நீரைக் குழாயால் ஒரு குழிக்குக் கொண்டு செல்லலாம். குழியின் அடியிற் பெருங்கல், அதன்மேற் சிறுகல், அதன்மேல் மணல் என்று நிரப்பினால் நீர் வடிந்து நிலத்தினுள் இறங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: முற்றத்து வெள்ளத்தை நேரே கிணற்றுக்குள் விடுதல் ஆகாது. நம் சுண்ணாம்புக்கல்லிலே நீர் விரைந்து ஓடும். வடிகட்டுவதற்கு அதற்கு நேரமில்லை. அசுத்த நீரை ஒரு கிணற்றில் இறக்கினால் அது ஊரார் கிணறுகளுக்கும் போய்ச் சேரும்.

ஐந்தாவது, கிணறு. கட்டும் கிணற்றடித் தளமும் வெடிப்பின்றி இருத்தல் வேண்டும். வெடிப்பினூடாகவே அழுக்கு நீர் உட்புகும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து ஐம்பதடிக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு; வெடிப்பு மிகுந்த நம் கல்நிலத்தில் அதுவும் போதாதிருக்கலாம். ஆதலின் அடியிலும் பக்கத்திலும் சீமெந்து கட்டிய, நீர் கசியாத குழியே சிறந்தது. வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்துவிட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் குளோரின் இடும் முறையைக் கேட்டறிந்து செய்வதே தக்கது. அதுவரை நீரைக் கொதிக்க வைத்துப் பருகுதல் வேண்டும்.

இறுதியாக நுளம்பு. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோரை டெங்கு பீடித்தது. நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். டெங்கைப் பரப்பும் நுளம்பு தன் முட்டைகளை நீர் தொடும் ஓரத்திலே ஒட்டிவிடும். அவை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மழை வந்ததும் பொரிக்கும். ஆகவே தொட்டியின் நீரைக் கவிழ்த்துவிட்டால் மாத்திரம் போதாது. உட்பக்கத்தை உரஞ்சிக் கழுவுதல் வேண்டும். கோம்பை, சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, தண்ணீர்த் தாங்கியின் மூடி ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்தல் வேண்டும். அன்றியும், மலேரியா ஒழிந்த நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியிருந்த போதிலும், மலேரியாவைப் பரப்பவல்ல புதிய நுளம்பினம் ஒன்று மன்னாரிலே காணப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. அது கிணறுகளிலே பெருகக்கூடியது. பாவிக்காத கிணறுகளை வலையால் மூடுவதும், அவற்றில் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் சிறு மீன்களை விடுவதும் ஆகவே அவசியமாகின்றன. குப்பையும் விறகும் குவிந்து எலி பெருகினால் எலிக்காய்ச்சல் வரும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அந்நோய் உயிர்களைக் கொண்டு சென்றதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பூட்டிய வீடுகள்

இவற்றையெல்லாம் நாம் செய்து முடித்தாலும் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் என் செய்வது? இது இன்று நம் ஊர்களின் பெரும் கேள்வி. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டுச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தவர்களும், அதன்பின் கடல் கடந்தவர்களும் விட்டுச் சென்ற வளவுகள் எத்தனை! கூரையற்ற சுவர்களுக்கு நடுவே ஆலும் அரசும் வளர்ந்து நிற்பதைக் காண்கிறோம். அவர்களை நான் நோகேன். உயிர் தப்பி ஓடியவரிடம் பீலியைப் பற்றிக் கேட்பது அறமன்று.

ஆனால் போர் முடிந்த பின் ஊருக்கு வந்து, அழகிய மாடி வீடு கட்டி, முற்றத்தைக் கல்லால் மூடி, நான்கு பக்கமும் மதில் எழுப்பி, திறப்பை உறவினர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு விமானமேறுவோரிடம் கேட்பது அறமே. திறப்பு வைத்திருப்பவர் பெரும்பாலும் வயது முதிர்ந்த ஒரு மாமியாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். கூரை ஏற அவரால் முடியாது. ஆளை அமர்த்தப் பணம் கேட்கவும் கூசுவார். ஆண்டுக்கு ஒருமுறை வந்து தங்கும் வீட்டின் பீலியிலும் தாங்கியிலும் பெருகும் நுளம்பு, ஆண்டு முழுவதும் அங்கே வாழும் அயலவரின் பிள்ளையையே கடிக்கும். திறப்போடு பொறுப்பையும் பராமரிப்புச் செலவையும் ஒப்படைத்தாலன்றி, அந்த வீடு ஊருக்குச் செல்வமாகாது. ஊருக்குப் பாரமே ஆகும்.

குழாய்நீர் வந்துவிட்டதே

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். 2024ஆம் ஆண்டில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் வழியாகக் குடிநீர் வரத் தொடங்கிவிட்டது. இனிக் கிணற்றைப் பற்றி ஏன் இத்துணை கவலை என்று சிலர் வினவுகின்றனர். குழாய்நீரை நான் வரவேற்கிறேன். கிணறு சவராகிப்போன தீவகத்துத் தாய்மார் ஒரு குடம் நீருக்காக எவ்வளவு தொலைவு நடந்தனர் என்பதை அறிந்த எவரும் அதனை வரவேற்கவே செய்வர். ஆயினும் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் வேண்டும், இயந்திரம் வேண்டும், பணம் வேண்டும். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளின்றி இருளில் நின்றதை நாம் கண்டோம். அன்றியும் குழாய்நீர் குடிப்பதற்கே. வெங்காயத் தோட்டத்துக்கும் வாழைக்கும் வேம்புக்கும் நிலத்தடி நீரே வேண்டும். குழாய் வந்துவிட்டதென்று கிணற்றைக் குப்பைக் குழியாக்கத் தொடங்கினோமாயின், ஒரு தலைமுறைக்குள் மரங்களும் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இப்பக்கத்தை வாசிப்போரிற் பலர் ஆசிரியர்கள், பலர் மாணவர்கள். அவர்களிடம் சிறியதொரு வேண்டுகோள். பாடசாலைக் கிணற்றின் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி ஆழத்தில் நிற்கின்றது என்பதை ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று முடிச்சிட்ட கயிற்றால் அளந்து, வகுப்பறைச் சுவரிலே எழுதி வாருங்கள். அருகிலே ஒரு மழைமானியும் இருக்கட்டும். ஆண்டு முடிவில் மாணவர் தாமே ஒரு கோடு வரைந்து பார்ப்பர். மழை பெய்யப் பெய்யக் கிணறு ஏறுவதையும், இறைக்க இறைக்க இறங்குவதையும் தம் கையால் அளந்து கண்ட பிள்ளை, வீட்டுக்குச் சென்று தந்தையிடம், “அப்பா, முற்றம் முழுக்கச் சீமெந்து போட வேண்டாம்” என்று சொல்லும். நூறு சுவரொட்டிகளைவிட அந்தச் சொல்லுக்கு வலிமை மிகுதி.

எழுத்தாள நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். முற்றத்தைப் பற்றி எழுதுங்கள். ஆனால் முதலில் ஒருநாள் அதனைக் கூட்டுங்கள். கிணற்றைப் பாடுங்கள், அதன் அடியிலே சேறு அள்ளியவரையும் மறவாதீர்கள்.

ஆச்சி காலமாகி ஆறேழு ஆண்டுகளாகின்றன. அவருடைய வளவிலே இப்போது அவருடைய பேரன் குடியிருக்கிறான். சென்ற ஞாயிறு பின்னேரம் என் மதிலடித் துளைகளில் அடைந்திருந்த சருகை நான் கிண்டிக்கொண்டிருந்தேன். மறுபக்கத்திலிருந்தும் ஓர் ஈர்க்குக் கட்டு உள்ளே நுழைந்து கிண்டும் ஓசை கேட்டது. நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் துளையும் திறந்த பின், “மாஸ்ரர், இந்த முறை மழை கூடவாம்” என்றான். “வரட்டும்” என்றேன்.